பெண் பார்க்க வாங்கிய கார்

கதிர்வேலுக்குக் கார் மேல் ஆசை இருந்ததே கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஊரில் அவனுக்குக் கார்ப் பைத்தியம் என்றுதான் பெயர். அவன் ஆசைப்பட்டது ஒரு பெண்டாட்டிக்கு. கார் தரகர் சொல்லி வாங்கியது.

தாராபுரத்துக்குத் தெற்கே, அமராவதித் தண்ணீர் எட்டிப் பார்க்காத மேட்டுக்காட்டில் அவர்களுக்குக் கொஞ்சம் நிலம். முருங்கை வைத்தால் காற்று சாய்த்துவிடும், சோளம் போட்டால் மயில் தின்றுவிடும். அப்பா இருந்தவரை பல்லைக் கடித்துக்கொண்டு பண்ணயம் பார்த்தார். அவர் போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கோயமுத்தூர் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் சுற்றும் வேலைக்குச் சேர்ந்தான் கதிர்வேல். வாரம் முழுக்க அங்கே ஒரு சின்ன அறை. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி அம்மா சென்னியம்மாளிடம் வந்துவிடுவான். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாது. ஒரு மாப்பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் பக்கம் பெண்ணைப் பெற்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பட்டியலே வாசிப்பார்கள்.

தென்னந்தோப்பு இருக்க வேண்டும். தோப்பு இல்லாவிட்டால் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் மாமியார் இருக்கக் கூடாது. அவர்களைக் குறை சொல்லியும் பிரயோசனமில்லை. பெண்கள் குறைச்சல், கேட்பவர்கள் அதிகம். முப்பது வருஷத்துக்கு முன்னால் வயிற்றில் இருப்பது பெண்ணா என்று பார்க்க ஸ்கேன் சென்டர் வாசலில் வரிசையில் நின்ற ஊர்கள்தான், இன்றைக்கு மகனுக்குப் பெண் தேடித் தரகர் வாசலில் நிற்கின்றன. விதைத்தவர்கள் ஹாயாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அறுத்தது கதிர்வேல் மாதிரி ஆட்கள்.

தரகர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, மோரை வாங்கிக் குடித்துவிட்டு, சென்னியம்மாளிடம் சொன்னார். "ஏனுங்கக்கா, பஸ்ஸுல போயி எறங்கி, வெயில்ல நடந்து போயி பொண்ணு கேட்டா எவனுங்க குடுப்பான்? வாடகைக் கார்ல போனாலும் நம்பர் பிளேட்டு மஞ்சளா இருக்கும், பாத்த ஒடனே தெரிஞ்சு போயிரும். சொந்தக் காரு, வெள்ளை போர்டு, வாசல் வரைக்கும் போயி நிக்கோணும். நல்ல காரியத்துக்குச் சொந்த வண்டில போறதுதானுங்க மரியாதை. பழசா இருந்தாலும் பரவால்லீங்க."

அவன் அப்போது முப்பத்திரண்டு வயதுக்காரன். நெற்றி மேலே ஏறத் தொடங்கியிருந்தது. இருந்த சேமிப்பைத் துடைத்தெடுத்து, திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் ஓட்டி, அவர் மச்சான் ஓட்டி, பிறகு யார் யாரோ ஓட்டித் தேய்த்த ஒரு வெள்ளை டீசல் காரை வாங்கினான். மீட்டர் மூன்று லட்சம் கிலோமீட்டரை நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவர்கள் காலத்தில் பழைய கார் கிடையாது. இருந்திருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்கள்.

வாங்கிய மாதமே கிளட்ச் போனது. அடுத்து ரேடியேட்டர் ஒழுகியது. ஏசி போட்டால் வெந்நீர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தது போல் இருக்கும். டிரைவர் பக்கத்துக் கண்ணாடியை ஏற்ற வேண்டுமென்றால் ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே மறு கையால் பிடியைச் சுற்ற வேண்டும். முதல் தடவை மெக்கானிக்கிடம் விட்டு எடுத்தபோது, அந்த மாதம் அறை வாடகைக்குக் கம்பெனியில் முன்பணம் கேட்டு நின்றான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அதற்குப் பிறகு அவனே ஸ்பேனரைப் பிடித்தான். வேறு வழி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டுமென்றால் சனிக்கிழமை ராத்திரியெல்லாம் அவன் காருக்கு அடியில் கிடந்தான். செல்போனில் வீடியோவைப் போட்டுத் தலைமாட்டில் சாய்த்து வைத்துக்கொண்டு கழற்றுவான், மாட்டுவான், மறுபடியும் கழற்றுவான். உக்கடத்தில் பழைய சாமான் கடை வைத்திருந்த ரசாக் அவனுக்கு வாடிக்கையாகிப் போனார். எந்த வண்டியிலிருந்தோ பிடுங்கிய ஆல்டர்னேட்டர், எந்த வண்டியிலிருந்தோ உருவிய கதவுப்பிடி. "வாங்க மாப்ள, இந்த வாரம் எந்த ஊருப் பொண்ணு?" என்றுதான் ரசாக் கேட்பார். எந்த உதிரிபாகம் வேண்டும் என்பது அடுத்த கேள்வி.

காலம் போகப் போக அவனுக்கு அந்தக் காரின் ஒவ்வொரு முனகலும் பழகிவிட்டது. எந்தச் சத்தம் இன்னும் ஒரு வருஷம் தாங்கும், எது அடுத்த மேட்டிலேயே காலை வாரிவிடும் என்று தெரிந்துவிட்டது. காரும் ஓடியது. பம்பரில் உதிர்ந்த இடத்துக்குப் பட்டி வைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து, துடைத்து நிறுத்தினால் தூரத்துப் பார்வைக்குப் புதுசு போலவும் இருந்தது. கல்யாணம்தான் நடக்கவில்லை.

எத்தனை ஊருக்குப் போனார்கள் என்று சென்னியம்மாளைக் கேட்டால் விரல் விட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டேன் என்பாள். பேட்டரி சரியில்லாத நாட்களில் பெண் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இறக்கமாகப் பார்த்து நிறுத்துவான், திரும்பும்போது உருட்டிவிட்டே கிளப்பிவிடலாம் என்று. ஒரு தடவை இறக்கம் கிடைக்காமல், எஞ்சினை அணைக்காமலே விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். பெண்ணின் தகப்பனார், "டிரைவர் வண்டிலயே இருக்காருங்களா? அவரயும் காப்பி குடிக்க வரச் சொல்லுங்க" என்றார். இன்னொரு வீட்டில் பெண்ணின் தம்பி பேசாமல் காருக்குள் தலையை விட்டு மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து, "மூணு லட்சத்தத் தாண்டிருச்சுங்களே" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். உடனே பெண்ணின் பெரியப்பா, "தம்பிக்கு வயசு எத்தனைங்க?" என்று கேட்டார். வெளியே வந்ததும் கதிர்வேலின் தாய்மாமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கதிர்வேலும் சிரித்தான். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

முப்பத்தெட்டு வயதில்தான் பொள்ளாச்சி ஜாதகம் வந்தது.

பெண் பெயர் சாய்ப்ரியா. முப்பத்தொன்று முடிந்திருந்தது. செவ்வாய் தோஷம் என்று தள்ளிப் போய்க்கொண்டிருந்த இடம். ஒரு கயிறு மில்லில் கணக்கு எழுதினாள். தகப்பனார் நஞ்சுண்டன் தேங்காய் வாங்கிக் களத்தில் உலர்த்தி, கொப்பரையாக விற்பவர். ஒரு காலத்தில் நன்றாக இருந்து, விலை விழுந்ததில் கொஞ்சம் சரிந்த குடும்பம். குலக் கூட்டம் வேறு, கட்டும் முறை சரி, கதிர்வேலுக்கும் அதே தோஷம். சென்னியம்மாள் கோயிலில் பூ கேட்டாள். இரண்டு பொட்டலத்தில் எதை எடுத்தால் நல்லது என்று நினைத்தாளோ அதுவே கைக்கு வந்தது. "இதுதான்டா கண்ணு. இது முடிஞ்சுபோயிரும்" என்றாள். அவள் குரலில் இருந்த நம்பிக்கையைக் கேட்டு அவனுக்குப் பயமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா, தாய்மாமன், தரகர் மூவரையும் ஏற்றிக்கொண்டு உடுமலை வழியாகப் போனான். வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை. நஞ்சுண்டன் வாசலுக்கே வந்து, "வாங்க மாப்ள, வாங்க வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். இதுவரை எந்த வீட்டிலும் முதல் வார்த்தையே மாப்பிள்ளை என்று வந்ததில்லை. சாய்ப்ரியா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். குனிந்த தலை நிமிராமல் எல்லாம் இல்லை, நேராகத்தான் பார்த்தாள். அவனுக்குத்தான் பார்வையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பேச்சு நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நஞ்சுண்டனின் அக்கா, சாய்ப்ரியாவின் அத்தை, உடுமலையிலிருந்து வந்திருந்தாள். அந்த வீட்டில் அவள் சொல்தான் சட்டம் என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அவள் கிளம்ப வேண்டும் என்று எழுந்தாள். பஸ் ஸ்டாண்டில் விடுவதற்காக நஞ்சுண்டன் தன் காரை எடுக்கப் போனார். அதுவும் வயதான டீசல் கார்தான். நல்ல காலத்தில் வாங்கியது. செல்ஃப் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடியும் போட்டார். மறுபடியும்.

உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த கதிர்வேலுக்கு அந்தச் சத்தம் காதில் ஊசியாக ஏறியது. செல்ஃப் நன்றாக இருக்கிறது, பேட்டரியும் நன்றாக இருக்கிறது, டீசல் போகும் வழியில் காற்றுப் புகுந்திருக்கிறது, இந்த மனிதர் சும்மா சும்மா செல்ஃப் போட்டு பேட்டரியையும் கொல்லப் போகிறார். அவன் கால் தரையில் நிலைகொள்ளவில்லை. தாய்மாமன் அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். காப்பி கொடுத்தால் குடிக்க வேண்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அதற்கு மேல் அவன் ஒரு துரும்பையும் அசைக்கக் கூடாது. இது யாரும் சொல்லிக் கொடுக்காமலே எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. கதிர்வேலுக்கும் தெரியும். இத்தனை வீடுகளில் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்து பழகியவன்தானே.

ஆனால் இந்த வீட்டில் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டுவிட்டார்கள். மாமனாரின் கார் வாசலில் நின்று திணறும்போது மாப்பிள்ளை எப்படி உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருப்பான்? எழுந்தான். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினான். சட்டைக் கையைச் சுருட்டினான். தன் காரிலிருந்து டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு போய், "நீங்க எறங்குங்க மாமா, நான் பாக்கறேன்" என்றான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை இதுதான்.

பானெட்டைத் திறந்து பார்த்தான். டீசல் டியூப் ஓர் இடத்தில் வெடித்திருந்தது. வெடித்த நுனியை வெட்டிவிட்டு, இழுத்து மாட்டி, கிளிப்பை இறுக்கினான். ஒரு கிளிப் கீழே விழுந்துவிட, தரையில் படுத்து அடியில் கையை விட்டு எடுத்தான். பில்டர் மேலிருந்த பம்பை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினான். டீசல் பீய்ச்சி, சட்டை மார்பு முழுக்க அடித்தது. "இப்பப் போடுங்க" என்றான். ஒரே சுற்று. வண்டி எடுத்துக்கொண்டது. வீட்டை ஒட்டிய களத்தில் நின்றிருந்த ஆட்கள் சிரித்துக் கைதட்டினார்கள். நஞ்சுண்டன் முகமெல்லாம் பல்லாக, "பலே, தம்பி! கில்லாடிதான் போங்க!" என்றார்.

மாப்ள போய்த் தம்பி ஆனதைக் கதிர்வேல் கவனிக்கவில்லை. சென்னியம்மாள் கவனித்தாள். அத்தைக்காரி தரகர் பக்கம் சாய்ந்து, "பையன் எந்த ஒர்க்‌ஷாப்புல இருக்காப்ல?" என்று கேட்டதையும் அவள் காதில் வாங்கினாள். தரகர் பதறிப்போய்ப் பம்ப்செட் கம்பெனி, பீளமேடு, காயில் பிரிவு என்று விளக்கினார். அத்தைக்காரி டீசல் சட்டையைப் பார்த்தபடியே தலையை ஆட்டினாள்.

கதிர்வேல் கை கழுவப் பின்பக்கம் போனான். சோப்புப் போட்டும் கரி போகவில்லை. சாய்ப்ரியா ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து திண்டில் வைத்தாள். "இதப் போட்டுத் தேச்சுட்டு அப்பறம் சோப்புப் போடுங்க. போயிரும்." அவன் தேய்த்தான். அவள் போகாமல் நின்றாள். "கார் ஓட்டப் பழகறது கஷ்டமுங்களா?" என்று கேட்டாள். "ஒண்ணும் கஷ்டமில்லீங்க" என்றான். இன்னும் கிளம்பாத அத்தை உள்ளேயிருந்து கூப்பிட்டாள். அவள் போய்விட்டாள்.

கிளம்பும்போது நஞ்சுண்டனிடம், "இது தற்காலிகமுங்க. டியூப் பழசாயிருச்சு, மேல வரைக்கும் உழுத்துப்போச்சு. புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தான். வழியெல்லாம் தாய்மாமன் திட்டினார். "உனக்கு எதுக்குடா அந்த வேலை? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கையக் கட்டிட்டு உக்கார முடியலயா?" கதிர்வேல் மனசுக்குள் தேங்காய் எண்ணெய் வாசம் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் கம்பெனியில் இருக்கும்போது புது எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. "கையில கரி போச்சா?" தரகரிடம் எண்ணை வாங்கியிருக்கிறாள். அவன் காயில் சுற்றும் மெஷினை நிறுத்திவிட்டு, "போச்சுங்க" என்று எழுதுவதற்குள் வேர்த்துவிட்டான். அதற்குப் பிறகு சில நாட்கள் இரண்டொரு செய்திகள். அப்பாவிடம் கார் பழகக் கேட்டால் பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு என்கிறார் என்று எழுதினாள். "நம்ம வண்டில பழகிக்கலாம்" என்று எழுதினான். நம்ம என்பதை அழித்து எங்க என்று மாற்றி, அது இன்னும் மோசமாகப் பட்டு, மறுபடியும் நம்ம என்றே போட்டு அனுப்பினான். ஒரு சிரிப்புப் படம் வந்தது. அவ்வளவுதான். முப்பத்தெட்டு வருஷ வாழ்க்கையில் அவனுக்குக் கிடைத்த காதல் மொத்தமும் இதுதான், சிரிக்காதீர்கள்.

பிறகு செய்தி நின்றுபோனது. கல்யாணம் கூடிவரும் நேரம், கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். தரகர் போனை எடுக்கவில்லை. வேலையாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டான். நம்ப வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவனுக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்?

பங்குனி பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை நஞ்சுண்டனே கூப்பிட்டார். "தம்பி, நல்லா இருக்கீங்களா? ஞாயித்துக்கெழம நம்மூட்டுப் பக்கம் ஒரு எட்டு வந்துட்டுப் போக முடியுங்களா?"

"வாரேனுங்க" என்றான். என்ன விஷயம் என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பான்? பெண் கொடுக்கிறோம் என்று போனிலா சொல்வார்கள்? வேண்டாம் என்றால் தரகர் மூலம் சொல்லி அனுப்புவார்கள், அதுதான் வழக்கம். தகப்பனாரே கூப்பிடுகிறார் என்றால் அது ஒன்றாகத்தான் இருக்க முடியும் என்று போனில் சொன்னாள் சென்னியம்மாள். அன்று இரவே பெட்டியிலிருந்து ஒரு பட்டுப் புடவையை எடுத்தாள். எத்தனையோ வருஷமாக மருமகளுக்கென்று வாங்கி வைத்து, மடிப்பு மாற்றி மாற்றி வைத்திருந்த புடவை. மல்லிகைப் பூவுக்கும் பழத்துக்கும் சொல்லிவிட்டாள். நல்ல வார்த்தை சொல்லக் கூப்பிடும் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. தாய்மாமன் காய்ச்சல் என்று வரவில்லை. அம்மாவும் மகனும் மட்டும் போனார்கள். கதிர்வேல் புது வேட்டி கட்டியிருந்தான்.

நஞ்சுண்டன் வாசலில் நின்றிருந்தார். சென்னியம்மாள் இறங்குவதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு குழப்பம் ஓடியது. "அட, அம்மாவும் வந்திருக்கீங்களா, வாங்க" என்றார். பிறகு கதிர்வேலைப் பார்த்து, "வாங்க தம்பி, அக்கட்டால போலாம்" என்று வீட்டுக்குள் போகாமல் கார் நிற்கும் கொட்டகைப் பக்கம் திரும்பினார்.

"மறுக்கா அதே கெரகம் தம்பி. எடுக்கவே மாட்டீங்குது. இங்க ரெண்டு பேரு பாத்துட்டானுங்க, ஒருத்தனும் ஆகல. அன்னிக்கு நீங்க தொட்ட ஒடனே எடுத்துச்சு பாருங்க. உங்க கைராசிதான் கைராசின்னு நானு சொல்லிட்டே இருந்தேன்."

கதிர்வேல் பானெட்டைத் திறந்தான். அன்றைக்கு அவன் வெட்டி மாட்டிய அதே டியூப் அப்படியே இருந்தது. புதுசு போடவில்லை. அவனுக்கு இன்னும் முழுதாக உறைக்கவில்லை. முதலில் இது முடியட்டும், பிறகு உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள் என்றுதான் அப்போதும் நினைத்தான். தன் காரின் டிக்கியில் எப்போதும் ஒரு புது டியூப் வைத்திருப்பான், வழியில் நின்றால் மாட்டுவதற்கு. அதை எடுத்துவந்தான். வேட்டியை மடித்துக் கட்டி, பழையதைக் கழற்றத் தொடங்கினான்.

நஞ்சுண்டன் பக்கத்தில் நின்று உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். "பொதங்கெழம ஈரோட்டுக்குப் போகோணுமுங்க தம்பி. சாய்ப்ரியாளுக்கு எடம் அமஞ்சிருச்சு. பையன் பேங்குல இருக்காப்ல. உப்புச்சக்கரை மாத்தி நிச்சயம் பண்ணிட்டு வந்தர்றதுன்னு பேச்சு. வேன் சொல்லிக்கலாம், ஆனா நல்ல காரியத்துக்குச் சொந்த வண்டில போயி எறங்குனாத்தானுங்க மரியாதை?"

கதிர்வேலின் கையில் டியூப்பின் ஒரு நுனி இருந்தது, மறு நுனி எஞ்சினில் இருந்தது. டீசல் விரலிடுக்கில் ஒழுகியது. அவன் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். அந்த முகத்தில் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது என்று அவனுக்குத் தெரியும். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அவர் மறைக்கவே இல்லை. மறைக்க வேண்டிய ஆளாக அவனை நினைக்கவே இல்லை. அவனுக்கு அழுகை வந்தது, ஆத்திரம் வந்தது, ஸ்பேனரை அந்தக் கண்ணாடி மேல் வீசிவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு கணம் வந்தது.

வாசற்படிக்குப் பக்கத்தில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் சென்னியம்மாள் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். அத்தைக்காரி எதிரே நின்று பேசுவது கொட்டகை வரை கேட்டது. "பையன் தங்கமுங்க, குத்தஞ் சொல்ல முடியாது. ஆனா அன்னிக்கு அடியில படுத்து எந்திரிச்சதக் களத்து ஆளுங்க எல்லாம் பாத்துட்டாங்க. ஊருக்குள்ள மெக்கானிக்கு மெக்கானிக்குன்னு பேச்சாயிருச்சு. தரகன் கம்பெனி வேலைன்னு பொய் சொல்லிப்போட்டான்னு ஒறம்பற சனமெல்லாம் கேக்கறாங்க. சாய்ப்ரியாகூட உங்க பையனையே கேட்டுப் பாத்தாளுங்க, ரெண்டு நாளு சோறு உங்காம. நாளைக்கு நாலு பேருக்குப் பதில் சொல்லோணுமில்லீங்க?"

சென்னியம்மாள் எழுந்து போய், மல்லிகைப் பூ வெளியே தெரிந்த பையை மகனின் காருக்குள் சீட்டுக்கு அடியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். கதிர்வேல் அதைப் பார்த்தான். வீட்டுக்குள் மிக்சி ஓடும் சத்தம் கேட்டது. சாய்ப்ரியா வெளியே வரவில்லை.

அவன் டியூப்பை மாட்டினான். கழற்றியதை அப்படியே போட்டுவிட்டுப் போக அவனுக்குத் தெரியாது. அவனுடைய கேடும் அதுதான். கிளிப்பை இறுக்கினான், காற்றை வெளியேற்றினான், இந்தத் தடவை டீசல் மேலே படாமல் துணியை வைத்துப் பிடித்துக்கொண்டான். போடுங்க என்றான். எஞ்சின் எடுத்துக்கொண்டது.

நஞ்சுண்டன் சந்தோஷமாக இறங்கிவந்து சட்டைப் பைக்குள் கையை விட்டார். "எவ்வளவு ஆச்சுங்க தம்பி? சாமான் உங்களுது, கூலி வேற. கூச்சப்படாமச் சொல்லுங்க."

கதிர்வேல் வாயைத் திறந்தான். அதற்குள் சென்னியம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கொட்டகை வரை நடந்து வந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"அவன் கூலிக்கு வரலீங்க. பொண்ணு குடுக்கறேன்னு சொல்றதுக்குத்தான் கூப்புட்டீங்கன்னு நெனச்சுட்டு வந்தமுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

நஞ்சுண்டனின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. அத்தைக்காரி வேறு பக்கம் பார்த்தாள். அவருடைய கார் மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அந்த அமைதியில் யாராவது ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று கதிர்வேலுக்குப் பட்டது. அவனுக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான்.

"ஒடனே ஆஃப் பண்ணீராதீங்க. கொஞ்ச நேரம் ஓடட்டும். மிச்சக் காத்து இருந்தா வெளிய போயிருமுங்க" என்றான். கையைக் கழுவாமலே ஏறி உட்கார்ந்து தன் காரை எடுத்தான்.

பொள்ளாச்சி எல்லை தாண்டியது. அம்மா அழத் தொடங்கினாள். சத்தமாக, மூக்கைச் சிந்திச் சிந்தி, அப்பா செத்த வீட்டில் அழுததைவிட அதிகமாக அழுதாள். உடுமலை வந்தது, போனது. தென்னந்தோப்பு முடிந்து மேட்டுக்காடு தொடங்கியது. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கென்று பார்த்து அந்தக் கார் எங்கேயும் நிற்கவில்லை. நின்றிருந்தால் இறங்கிப் பானெட்டைத் திறந்து, கையை உள்ளே விட்டு, எதையாவது கழற்றிக்கொண்டாவது இருந்திருப்பான். வீடு வரைக்கும் அம்மா அழுவதைக் கேட்டுக்கொண்டே ஓட்டினான்.